தீத்துவை ஒருவரும் கேட்கவில்லை

எங்கள் வேத வாசிப்புக் குழுவிலிருந்த தஞ்சாவூர்ப் பெண், தான் ஞானஸ்நானம் பெறப்போவதாகச் சொன்ன மாலையில் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தாள். அதோடு கைதட்டல் மறந்துபோயிற்று.

அந்த முறை கூட்டம் ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டில் நடந்தது. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் சில தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவோம். வேதப் புத்தகத்தில் ஒரு பகுதியை வாசித்து, அதைப் பற்றிக் கதைத்து, செபம் சொல்லி, பிறகு சாப்பிடுவோம். உண்மையைச் சொன்னால் சாப்பாடுதான் நீளமானது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சட்டி வரும். ஆட்டிறைச்சிக் கறி, மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல் என்று மேசை நிறைந்திருக்கும். இலங்கையில் யாழ்ப்பாணத் தீவுகளிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்தவர்கள் நாங்கள். கடல் இல்லாத சாப்பாடு எங்களுக்குச் சாப்பாடாகத் தெரியாது.

தஞ்சாவூர்ப் பெண் கணினி வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தவள். முதல் குளிர்காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து போகும் வழியில், கதவு திறந்திருந்ததைக் கண்டு குளிருக்கு ஒதுங்கத்தான் எங்கள் தேவாலயத்துக்குள் வந்தாளாம். அடுத்த வாரம் குளிர் என்ற சாக்கு இல்லாமலே வந்தாள். பிறகு எங்கள் குழுவுக்கும் வந்தாள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள். முட்டைகூடத் தொடமாட்டாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவந்து, மேசையின் ஒரு மூலையில் இருந்து சாப்பிடுவாள். அதுவரை யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அன்றைக்குக் கேள்வி கேட்டவர் மன்னார் அண்ணை. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். குழுவில் மூத்தவர், என்னைவிடச் சில வயது கூட. நல்ல குரல், நல்ல மனசு, கொஞ்சம் முன்கோபம்.

"பிள்ளை, ஞானஸ்நானம் எடுத்தாப் பிறகும் சைவம்தானோ?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணா, சைவம்தான்."

"சைவமா இருந்துகொண்டு எப்பிடி வேதத்துக்கு வாறது?"

அவளுக்கு விளங்கவில்லை. சைவம் என்றால் அவளுக்கு முதலில் மரக்கறிச் சாப்பாடு. எங்கள் ஊர்ப் பேச்சில் அது சாப்பாடும்தான், சமயமும்தான். வேதம் என்றால் கிறிஸ்தவம். ஒரே சொல் இரண்டு பக்கமும் இழுத்தது. நான் விளக்கிச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். மன்னார் அண்ணை சிரிக்கவில்லை.

"இது பகிடி இல்லைப் பிள்ளை. எங்கடை ஆக்கள் இந்த வேதத்துக்காக வெட்டுப்பட்டவை. ராசா வந்து, விடு எண்டு சொல்லியும் விடாமல் செத்தவை. அப்பிடி வந்த வேதம். கோயிலிலை ஒரே அப்பத்தை வாங்கிப்போட்டு, மேசையிலை வந்து தனிச் சட்டியோ?"

நானூறு, ஐந்நூறு வருடங்களுக்கு முன் மன்னாரில் யாழ்ப்பாண அரசனின் ஆட்கள் புதுக் கிறிஸ்தவர்களைக் கொன்றதை அவர் நேற்று நடந்ததுபோலத்தான் எப்போதும் சொல்லுவார். அவள் டப்பாவை மூடினாள். அவருடைய மனைவிதான் நிலைமையைச் சமாளிக்க, "உந்தச் சண்டை சின்னப்பர் காலத்திலேயே வந்ததெல்லே. அதை வாசிச்சுப் பாப்பமே அடுத்த முறை" என்றார்.

"சின்னப்பரா, அது யாரு?" என்று அவள் என் காதுக்குள் கேட்டாள்.

"பவுல். எங்கடை பழைய ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம். இராயப்பர் எண்டால் பேதுரு."

அடுத்த முறை அந்தப் பகுதியைத் தயார்பண்ணி வந்து விளங்கப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. நான் இறையியல் படித்தவள் இல்லை. லில்லெஸ்ட்ரோமில் ஒரு பல் சிகிச்சை நிலையத்தில் பல் வைத்தியருக்கு உதவியாளராக இருக்கிறேன். ஆனால் வேலைக்குப் போகவர பஸ்ஸில் நிறைய நேரம் கிடைக்கும். அந்த மாதம் முழுக்கக் கைத்தொலைபேசியில் அந்தப் பகுதிகளைத்தான் வாசித்துக்கொண்டு போனேன்.

சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் எங்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லித் தந்திருந்தார்கள். யூதர்களுக்குப் பழைய சட்டம் இருந்தது, இயேசு வந்தார், பழைய சட்டம் முடிந்தது. அவ்வளவுதான். இப்போது ஆறுதலாக வாசித்தபோது ஒன்றும் அப்படி இலேசாக முடிந்ததாகத் தெரியவில்லை. முதலில் இருந்தவர்கள் எல்லோரும் யூதர்கள். இயேசு எழுந்தார் என்று நம்பிக்கொண்டே எருசலேம் ஆலயத்துக்குப் போனார்கள், ஓய்வுநாளைக் கடைப்பிடித்தார்கள், பன்றி சாப்பிடவில்லை. தாங்கள் ஒரு புதிய சமயத்துக்கு மாறிவிட்டதாக அவர்கள் நினைக்கவே இல்லை. பிறகு பவுல் போன்றவர்கள் போதித்ததைக் கேட்டு யூதர் அல்லாத கிரேக்கர்கள் வரத் தொடங்கினார்கள். அப்போதுதான் கேள்வி வந்தது. இவர்கள் முதலில் யூதராகி, நுனித்தோலை வெட்டும் விருத்தசேதனத்தைச் செய்து, நம் சாப்பாட்டு முறைக்கு வந்த பிறகுதான் உள்ளே வரலாமா, அல்லது அப்படியே வரலாமா?

எனக்கு வியப்பாக இருந்தது இயேசுவின் தலைமைச் சீடரான பேதுருவின் நிலைமை. அந்தியோக்கியா நகரில் அவர் கிரேக்கர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை ஏசினார். இதை வாசித்தபோது எங்கள் தீவில் நடந்த கலியாண வீடுகள் நினைவுக்கு வந்தன. யாரோ வருகிறார்கள் என்றதும் பந்தியிலிருந்து எழும்பிப் போனவர்களை நானே கண்டிருக்கிறேன்.

அதைவிட வியப்பு, தீத்து. பவுல் எருசலேமுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போனபோது இந்தக் கிரேக்க இளைஞனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பெரியவர்கள் எல்லோரும் இருந்து, இவனுக்கு விருத்தசேதனம் செய்ய வேண்டுமா வேண்டாமா என்று வாதாடுகிறார்கள். கடைசியில் கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதியிருக்கிறது. ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. தன் உடம்பைப் பற்றி இவ்வளவு பேர் கதைக்கும்போது அவன் எங்கே பார்த்துக்கொண்டிருந்திருப்பான்? பஸ் ஸ்ட்ரோம்மனைத் தாண்டிப் போகும்போது இதை யோசித்து நான் தனியாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் டப்பாவை மூடிய அந்தக் கையை நான் அருகிலிருந்து பார்த்திருந்தேன்.

இன்னொன்றும் குழப்பியது. தீத்துவுக்கு வேண்டாம் என்று அப்படிச் சண்டை பிடித்த பவுல், கொஞ்சக் காலத்தில் திமொத்தேயு என்ற இன்னொரு இளைஞனுக்குத் தானே விருத்தசேதனம் செய்துவைத்திருக்கிறார். ஏன்?

கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். எங்கள் நிலையத்துப் பல் வைத்தியர் யூதப் பெண். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு டிசம்பரிலும் வேலையிடத்து நத்தார் விருந்தில் பன்றி விலா வறுவல் மேசைக்கு வரும்போது அவர் சிரித்துக்கொண்டே உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்வார். இவ்வளவு காலம் பக்கத்தில் நின்று வேலை செய்தும் நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இங்கே யாரும் யாரிடமும் சமயத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டேன்.

ஒரு மதிய இடைவேளையில், அவர் பாண் துண்டைத் தாளிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தபோது, நான் வாசிக்கும் பவுல் காலத்துச் சண்டையைச் சொல்லிவிட்டுக் கேட்டேன். நாங்கள் நோர்வேஜிய மொழியில்தான் கதைப்போம்.

"நீங்கள் பன்றி சாப்பிடாதது கடவுள் சொன்னதாலா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கடவுளை நம்பும் நாட்களும் எனக்கு உண்டு, நம்பாத நாட்களும் உண்டு. ஆனால் இரண்டு வகை நாளிலும் பன்றி சாப்பிடமாட்டேன்."

"பிறகு ஏன்?"

"சாப்பிட்டால் சிலரை விட்டுவிட்டு நான் மட்டும் எழுந்து போவதுபோல இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது யூதர் என்பதற்காக இங்கிருந்து கப்பலில் ஏற்றப்பட்டுத் திரும்பி வராதவர்கள் என் குடும்பத்திலும் இருக்கிறார்கள். நம்பிக்கை இருந்ததா என்று யாரும் அவர்களைக் கேட்டு ஏற்றவில்லை."

அவரே பேச்சை மாற்றினார். தங்கள் யூத முறைப்படி ஆடு மாடு அறுக்க இந்த நாட்டில் அனுமதி இல்லை, இறைச்சி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, விருத்தசேதனத்தைப் பற்றி இன்றைக்கும் பத்திரிகையில் யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். "உன் பவுல் காலத்துச் சண்டை முடிந்துவிட்டது என்றா நினைத்தாய்?" என்று சிரித்தார்.

நான் திமொத்தேயு விடயத்தைக் கேட்டேன். அவர் உடனே, "அவனுடைய தாய் யாரென்று உன் புத்தகத்தில் இருக்கிறதா?" என்றார். கைத்தொலைபேசியில் தேடினேன். தகப்பன் கிரேக்கன், தாய் யூதப் பெண்.

"எங்கள் இப்போதைய கணக்கின்படி தாய் யூதப் பெண் என்றால் பிள்ளையும் யூதன். அந்தக் காலத்திலும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படிப் பார்த்தால் அவன் எங்கள் ஆள். தீத்து உங்கள் ஆள். பவுல் இரண்டு பேரையும் அவரவர் வீட்டிலேயே இருக்க விட்டிருக்கிறார்." பிறகு பாணைக் கடித்துக்கொண்டே, "அவரும் கடைசிவரை யூதராகத்தான் இருந்தார். அதை உங்கள் பக்கத்தில் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்" என்றார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது, எதிர்ப் பக்கத்தவர்களைப் பற்றி யோசித்தேன். கிரேக்கர்கள் சட்டத்தைக் கடைப்பிடிக்கத்தான் வேண்டும் என்று நின்றவர்களை நான் இதுவரை வில்லன்களாகத்தான் நினைத்திருந்தேன். கத்தோலிக்கரின் வேதப் புத்தகத்தில் இருக்கும், மற்றச் சபைகள் பல சேர்த்துக்கொள்ளாத ஒரு பகுதியில், பன்றி இறைச்சியை வாயில் வைக்க மறுத்ததற்காக ஒரு தாயும் அவளுடைய ஏழு பிள்ளைகளும் கொல்லப்பட்ட கதை வருகிறது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய், இனி எதைச் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்றால் எப்படி இருந்திருக்கும்? செத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? மன்னார் அண்ணையின் குரல் காதில் கேட்டது. அவரோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சாமான் வாங்கப் போனபோது அவரைக் கண்டேன். மனைவி உடுப்புக் கடைக்குள் போயிருக்க, அவர் வெளியே போட்டிருந்த வாங்கில் கோப்பியோடு இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணை, அந்தப் பிள்ளை மரக்கறி சாப்பிட்டால் உங்களுக்கு என்ன?" என்று நேராகவே கேட்டேன்.

"மரக்கறி சாப்பிடட்டும் தங்கச்சி. ஆர் வேண்டாம் எண்டது? நோன்பு காலத்திலை நாங்களும்தான் சாப்பிடுறம்."

"அப்ப?"

அவர் கோப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த டப்பா. அதைப் பாக்கேக்கை எனக்குச் சிரட்டைதான் ஞாபகம் வருது."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அப்பாவும் நானும் யாழ்ப்பாணப் பக்கம் கூலி வேலைக்குப் போறனாங்கள். கிணறு இறைக்கிறது, வேலி அடைக்கிறது. வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி தருவா. அவைக்குக் கோப்பை, எங்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை. குடிச்சிட்டு எறிஞ்சுபோட்டு வரவேணும். நல்ல மனுசி, ஏசமாட்டா, சீனியும் கூடப் போடுவா. ஆனா சிரட்டை சிரட்டைதான். நாங்கள் வேதக்காரர் எண்டாப்போலை அது மாறேல்லை. அந்த வீட்டிலையும் சைவம்தான்."

எனக்கு அது புதிதில்லை. எங்கள் தீவுத் தேவாலயத்துக்குள்ளேயே யார் எந்தப் பக்கம் இருப்பது என்று ஒரு காலத்தில் ஒழுங்கு இருந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் இவ்வளவு வருடப் பழக்கத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அவவுக்கு இது தெரியாது அண்ணை," என்றேன்.

"ஓம், தெரியாதுதான். நான் சொல்லேல்லையே."

அடுத்த கூட்டம் மன்னார் அண்ணையின் வீட்டில். அவள் வருவாளோ என்று எனக்குச் சந்தேகம். வந்தாள், டப்பாவோடு. நான் வாசித்ததை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். எருசலேமில் கடைசியில் என்ன முடிவெடுத்தார்கள் என்றும் சொன்னேன். கிரேக்கர்களுக்கு விருத்தசேதனம் வேண்டாம். ஆனால் சிலைகளுக்குப் படைத்ததையும், நெரித்துக் கொன்றதையும், இரத்தத்தையும் சாப்பிடக்கூடாது, முறைகேடான உறவும் கூடாது.

"இரத்தமோ?" என்று ஒருவர் நிமிர்ந்தார். "அப்ப எங்கடை ஆட்டு இரத்த வறை?"

வீடு சிரிப்பால் அதிர்ந்தது. நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் ஆடடித்து, தேங்காய்ப்பூப் போட்டு இரத்தம் வறுத்துச் சாப்பிட்டு வளர்ந்த கூட்டம் நாங்கள். யூதரல்லாதவர்களுக்கு இயேசுவின் தூதர்கள் விதித்த சாப்பாட்டுக் கட்டளையை எங்களில் ஒருவரும் கடைப்பிடித்ததில்லை. எங்கள் வீடுகளில் அதைக் கடைப்பிடித்த ஒரே ஆள், மூலையில் டப்பாவோடு இருந்தவள்தான். மன்னார் அண்ணைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு நான் தீத்துவைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் அவனைப் பற்றிக் கதைத்தார்கள், அவனை ஒருவரும் கேட்டதாக எழுதவில்லை என்றேன். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். "நாங்களும் உங்களைக் கேக்கேல்லை."

அவள் பொட்டைத் தொட்டுச் சரிசெய்துகொண்டாள்.

"உண்மையைச் சொல்லட்டுமாக்கா? எங்க வீட்ல இந்தச் சாப்பாடு சாதியோட சேர்ந்ததுதான். சின்ன வயசுல யார் வீட்ல தண்ணி குடிக்கலாம், குடிக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அது தப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா கறி வாசனை வந்தா எனக்குக் குமட்டுது. இதுல எது சாதி, எது வயிறுன்னு என்னால பிரிச்சுப் பாக்க முடியல. ரெண்டும் ஒண்ணா வளர்ந்துடுச்சு."

"அப்ப டப்பா?" என்று மன்னார் அண்ணை கேட்டார். குரல் மெதுவாக இருந்தது.

"எனக்காக நீங்க யாரும் தனியா சமைக்கக் கூடாதுன்னுதான் அண்ணா. வேலை முடிஞ்சு வந்து எல்லாரும் இவ்வளவு செஞ்சு எடுத்துட்டு வர்றீங்க. எனக்கு வேற தொந்தரவு குடுக்கணுமான்னு."

அவர் அப்போது சிரட்டையைப் பற்றி அவளிடமே சொன்னார். என்னிடம் சொன்னதைவிடக் குறைவாக. கிணறு, தேத்தண்ணி, எறிந்துவிட்டு வருவது. அவள் முகம் மாறியதை எல்லோரும் கண்டோம். "எங்க வீட்டுக் கொல்லைப்புறத்துலயும் ஒரு தனி டம்ளர் இருந்துச்சு அண்ணா," என்றாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாளோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைக் கொண்டுபோய் மேசையின் நடுவில், மீன் குழம்புக்கும் இறைச்சிக் கறிக்கும் இடையில் வைத்தாள். புளிச்சோறு. முதலில் கரண்டி போட்டவர் மன்னார் அண்ணை.

"எப்படி அண்ணா இருக்கு?"

"உப்புக் காணாது," என்றார். இன்னொரு கரண்டியும் போட்டார்.

அவருடைய மனைவி பருப்புக் கறிச் சட்டியை அவள் பக்கம் தள்ளி, "உதுக்குள்ளை மாசிக் கருவாடு போடேல்லை. கரண்டியும் வேறை. சாப்பிடுங்கோ" என்றார். அவள் அந்தச் சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். ஒரு வாய் எடுத்ததும் சற்றே தயங்கியதை நான் கண்டேன். கரண்டியை நினைத்தாளா, வேறு எதையாவது நினைத்தாளா தெரியாது. பிறகு முழுதும் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மீனாவது பழகலாமே என்று மன்னார் அண்ணை இடைக்கிடை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பொட்டு விடயமும் எழும்பியது. அதற்கு அவள், தங்கள் ஊரில் கத்தோலிக்கப் பெண்கள் பலர் பொட்டோடுதான் பூசைக்கு வருவார்கள் என்றாள். நோர்வேஜியப் பாதிரியாரிடம் கேட்டோம். "அது என்ன, அலங்காரமா, அல்லது அர்த்தம் உண்டா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்ல, அவர் கையை விரித்துவிட்டு, அதை அவளே முடிவெடுக்கட்டும் என்றார். ஞானஸ்நான நாளில் அவள் பொட்டோடுதான் வந்தாள். தண்ணீர் ஊற்றும்போது அது ஒட்டுப் பொட்டானபடியால் கழன்று தொட்டிக்குள் விழுந்தது. ஞானத்தாயாகப் பக்கத்தில் நின்ற நான் அதைக் குனிந்து எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தபோது புதுப் பொட்டு வைத்திருந்தாள்.

அந்த விருந்தில் அவள் என்னைத் தனியே குசினிக்குள் கூப்பிட்டாள். ஊரிலிருந்து தாய் தொலைபேசியில் பேசியதாகச் சொன்னாள். தாய்க்கு முதலே விடயம் தெரியும். அழுது, கோபித்து, கொஞ்ச நாள் பேசாமலும் இருந்தவர்.

"என்ன சொன்னவா?"

"ஒரே ஒரு கேள்விதான்க்கா கேட்டாங்க. 'இனிமே நம்ம வீட்ல சாப்பிடுவியா?'"

நான் எதிர்பார்த்தது வேறு. சாமியை விட்டுவிட்டாயே என்று கேட்டிருப்பார் என்று நினைத்தேன். சொந்தக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டிருப்பார் என்று நினைத்தேன். மகள் தன் சமையலை ஒதுக்கிவிடுவாளோ என்பதுதான் அந்தத் தாயின் பயமாக இருந்திருக்கிறது.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"வெண்டைக்காய் சாம்பார் வெச்சு வைம்மா, லீவுக்கு வர்றேன்னு சொன்னேன்."

கோடை விடுமுறைக்கு அவள் தஞ்சாவூர் போனாள். திரும்பி வந்ததும் ட்வெய்ட்டாவில் என் வீட்டுக்கு வந்து, தாய் செய்து கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைத் தந்தாள். முதல் நாள் தாய் அவளுக்குத் தட்டு வைத்துவிட்டு, தான் வேறு அறையில் இருந்து சாப்பிட்டாராம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாராம்.

"ஏதும் கதைச்சவாவோ?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. சாம்பார்ல காரம் ஜாஸ்தியான்னு மட்டும் கேட்டாங்க."

ஊறுகாய் நல்ல உறைப்பு. அடுத்த கூட்டத்துக்கு அதையும் கொண்டுபோனேன்.